கேட்டதும் சொல்வதும்: வெந்நீர் மேல் நிற்கும் நகரம்

சென்ற இதழில் செக் நாட்டின் கார்லோவி வாரி என்ற வெந்நீரூற்று நகரைப் பற்றி அரைப் பக்கம்தான் எழுதினோம். வந்து சேர்ந்த கேள்விகளோ ஒரு கட்டு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கூப்பிடு தூரத்தில் வைத்திருக்கும் திருகோணமலை வாசகர்கள் வெந்நீர் என்றதும் பேசாமல் இருப்பார்களா? ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

உப்புவெளி வாசகர்: இந்த ஊர் சரியாக எங்கே இருக்கிறது? 'கார்ல்ஸ்பாட்' என்றும் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

இரண்டும் ஒன்றுதான். செக் மொழியில் கார்லோவி வாரி, ஜேர்மன் மொழியில் கார்ல்ஸ்பாட். 1945க்கு முன் அங்கே பெரும்பாலும் ஜேர்மன் மொழி பேசியவர்களே வாழ்ந்தார்கள். அதனால் பழைய நூல்களிலும் மருந்துப் போத்தல்களிலும் ஜேர்மன் பெயரைத்தான் காண்பீர்கள்.

தலைநகர் பிராக்கிலிருந்து மேற்கே, வீதி வழியாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பொஹீமியா என்ற பழைய இராச்சியத்தின் மேற்கு மூலை அது. இன்னும் மேற்கே போனால் ஜேர்மனி. வடக்கே ஜேர்மன் எல்லை நெடுக 'தாது மலைகள்' என்று பெயர் பெற்ற மலைத்தொடர், தெற்கே ஸ்லாவ்கோவ் காடு, கிழக்கே டௌபோவ் என்ற பழைய எரிமலைக் குன்றுகள். நகரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 447 மீற்றர் என்று குறிப்பார்கள். ஊற்றுகள் இருக்கும் பள்ளத்தாக்கு அதைவிடத் தாழ்வானது.

பெயரின் பொருளையும் சொல்லிவிடுகிறோம். 'கார்லோவி' என்றால் கார்லுக்கு உரியது, அதாவது நான்காம் சார்ள்ஸ் மன்னனுடையது. 'வாரி' என்பது கொதித்தலைக் குறிக்கும் செக் வினையிலிருந்து வந்தது. தமிழில் 'வாரி' என்றால் நீர், கடல் என்று பொருள் இருப்பதைச் சுட்டி இரண்டு வாசகர்கள் மகிழ்ந்து எழுதியிருந்தார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் அது வெறும் ஒலி ஒற்றுமை. உண்மையான உறவு வேறொரு பெயரில் இருக்கிறது. அந்த ஊற்றுகளின் ஓரமாக ஓடும் ஆற்றுக்குத் 'தெப்லா' என்று பெயர், சூடானவள் என்று பொருள். அந்தச் சொல்லும், நாம் வடமொழி வழியாகப் பெற்ற 'தாபம்', 'தவம்' என்ற சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

கிண்ணியாவிலிருந்து தரம் 11 மாணவி: புவியியல் ஒப்படைக்கு இந்த நகரின் வரைபடம் வரைய வேண்டும். எதை முக்கியமாகக் காட்டுவது?

மகள், முதலில் தாளின் மேற்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு வரையுங்கள். அது ஒஹ்ரே. ஜேர்மனியில் பிறந்து, செக் நாட்டுக்குள் கிழக்கு நோக்கி ஓடி, கடைசியில் எல்பே ஆற்றில் கலக்கிறது. பிறகு தாளின் அடிப்பக்கத்திலிருந்து நெளிந்து நெளிந்து மேலே வந்து ஒஹ்ரேயில் முட்டும் சிறிய ஆறு ஒன்று. அதுதான் தெப்லா. மரியான்ஸ்கே லாஸ்னே என்ற இன்னொரு ஊற்று நகரின் பக்கமாகத் தொடங்கி வடக்கு நோக்கி வருகிறது. இரண்டும் சேர்ந்தால் தலைகீழாக நிற்கும் 'ட' போல ஏதோ ஒரு வடிவம் வரும். அளவு கச்சிதமாக இல்லாவிட்டாலும் திசை பிழைக்கக் கூடாது.

பலர் பிழை விடும் இடம் அடுத்தது. ஊற்றுகளை இரண்டு ஆறும் சேரும் இடத்தில் குறித்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது பிற்காலத்தில் விரிந்த அகலமான நகர்ப்பகுதி. ஊற்றுகள் அதற்குத் தெற்கே, இரு புறமும் செங்குத்தான காட்டுச் சரிவு நெருக்கும் தெப்லாவின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வரிசையாக இருக்கின்றன. ஆறு, இரு கரையிலும் ஒவ்வொரு வீதி, வீதியோரம் ஒட்டி ஒட்டி உயரமான வீடுகள், உடனே மலை. அவ்வளவுதான் இடம். அந்த இட நெருக்கடியைப் படத்தில் காட்டினால், தீயும் வெள்ளமும் அந்த ஊரை ஏன் திரும்பத் திரும்ப அழித்தன என்பதை நீங்கள் எழுதி விளக்கவே தேவையில்லை.

லோகெத் கோட்டையையும் குறிக்க மறவாதீர்கள். நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தென்மேற்கே, ஒஹ்ரே ஆறு முழங்கை போல் வளையும் இடம். 'லோகெத்' என்றாலே முழங்கைதான். கார்லோவி வாரியின் தொடக்க வரலாறு இந்தக் கோட்டையின் நிழலில்தான் நடந்தது.

மூதூர் வாசகர்: பக்கத்தில் எரிமலைக் குன்றுகள் இருக்கின்றன என்றால், அந்த எரிமலைதான் தண்ணீரைச் சுடவைக்கிறதா? கன்னியாவில் எரிமலையே இல்லையே, அங்கே எப்படிச் சுடுகிறது?

நல்ல கேள்வி. இரண்டு இடத்திலும் அடிப்படை வேலை ஒன்றுதான். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். ஆழத்தில் சூடேறிய நீர், வேறொரு வெடிப்பின் வழியாக ஆறுவதற்கு முன் விரைவாக மேலே வந்துவிட்டால் அது வெந்நீரூற்று. எரிமலை கட்டாயமில்லை. இலங்கையில் கன்னியா, மகாஓயா, மகாபெலஸ்ஸ என்று வெந்நீர் கிடைக்கும் இடங்கள் எவற்றிலும் எரிமலை இல்லை.

கணக்காகப் பாருங்கள். திருகோணமலையில் சாதாரணக் கிணற்று நீரே 28 பாகை அளவில் இருக்கும். கன்னியா நீர் 40 பாகையை ஒட்டி நிற்பதால், அங்கே ஏற வேண்டியது பன்னிரண்டு, பதின்மூன்று பாகைதான். கார்லோவி வாரியில் நிலத்தடி நீர் 8, 10 பாகைக் குளிரிலிருந்து தொடங்குகிறது. அதன் மிகப் பெரிய ஊற்றான வ்ரீட்லோ 73 பாகைக்கு மேல் சூட்டோடு வெளிவருகிறது. அறுபது பாகைக்கு மேல் ஏற வேண்டும் என்றால் நீர் 2 கிலோமீற்றருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் போய்வர வேண்டும். அங்கே அடியில் இருப்பது வெடிப்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மிகப் பழைய கருங்கல் பாறை. ஒஹ்ரே பள்ளத்தாக்கு முழுவதுமே நிலம் பிளந்து தாழ்ந்த ஒரு நீண்ட பகுதி.

எரிமலைக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நெருப்பாக அல்ல, வாயுவாக. டௌபோவ் குன்றுகளை உண்டாக்கிய காலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டது. அந்த ஆழ்ந்த பிளவுகள் வழியாகக் காபனீரொட்சைட்டு இன்றும் மேலே வந்துகொண்டிருக்கிறது. அதுதான் வ்ரீட்லோவை 12 மீற்றர் உயரம் வரை தூக்கி எறிகிறது. சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்தால் பொங்குவதும் இதுவும் ஒரே செயல். நீர் மேலே வர வர அமுக்கம் குறைகிறது, கரைந்திருந்த வாயு குமிழியாகப் பிரிகிறது, குமிழி கலந்த நீர் இலேசாகிறது, கீழே உள்ளது அதைத் தள்ளுகிறது. நீர் கொதிக்கவில்லை. நீராவியால் பாயும் ஊற்று என்று சில புத்தகங்கள் எழுதுவது தவறு. கன்னியாவில் இந்த வாயு இல்லை. அதனால்தான் அங்கே நீர் அமைதியாக ஊறி நிற்கிறது.

உவர்மலை வாசகி: மன்னன் வேட்டைக்குப் போனபோது நாய் வெந்நீரில் விழுந்து ஊற்றைக் கண்டுபிடித்ததாகப் படித்தேன். உண்மையா, கதையா?

கதையை முழுதாகச் சொல்லிவிட்டு விடைக்கு வருவோம். பொஹீமியாவின் மன்னனும் பின்னர் புனித உரோமப் பேரரசனுமான நான்காம் சார்ள்ஸ், லோகெத்தில் தங்கி மான் வேட்டையாடினான். துரத்தப்பட்ட மான் உயரமான பாறையிலிருந்து குதித்தது. தொடர்ந்து பாய்ந்த நாய் பள்ளத்தில் இருந்த நீரில் விழுந்து வேதனையில் ஊளையிட்டது. காப்பாற்ற ஓடியவர்கள் நீர் கொதிப்பதைக் கண்டார்கள். மன்னன் தன் புண்பட்ட காலை அதில் நனைக்க, கால் குணமாயிற்று. அந்தப் பாறை இன்றும் 'மான் பாய்ந்த பாறை' என்றே அழைக்கப்படுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வேட்டை நடந்ததாகச் சொல்லும் காலம் 1350ஐ ஒட்டியது. கதை நூலில் ஏறியது 1571இல். ஃபேபியன் சொமர் என்ற மருத்துவர், இந்த ஊற்றுகளைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில் அதைச் சேர்த்தார். இடையே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி. அதனால் நாய் விழுந்ததை வரலாறாக எழுத முடியாது.

ஆனால் கதைக்குள் உண்மைத் துண்டுகள் கிடக்கின்றன. சார்ள்ஸ் 1346இல் பிரான்சின் கிரெசிப் போர்க்களத்தில் காயப்பட்டவன். லோகெத் அவனுக்குப் பழக்கமான கோட்டை. மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1319இல், தந்தையே அவனை அங்கே அடைத்து வைத்திருந்தான். பழைய எழுத்துகளில் இந்த இடம் 'லோகெத்துக்கு அருகே உள்ள வெந்நீர்க் குளியல்' என்றுதான் வருகிறது. அதாவது, ஊருக்கென்று தனிப் பெயர் வருமுன்பே குளியல் இருந்திருக்கிறது.

ஆவணமாகக் கையில் பிடிக்கக்கூடிய திகதி 1370 ஓகஸ்ட் 14. அன்றுதான் சார்ள்ஸ், லோகெத் நகரத்தாருக்கு இருந்த அதே உரிமைகளை இந்த இடத்தாருக்கும் கொடுத்தான். குளிக்க வந்து போகும் இடம் சட்டப்படி நகரமானது அந்த நாளில்.

கன்னியாவில் இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்தி ஏழு கிணறு உண்டாக்கினான் என்ற ஐதீகத்தையும் இந்த வாசகி நினைவூட்டியிருக்கிறார். ஐதீகத்தை ஐதீகமாகவே வைத்துப் போற்றலாம். இன்றும் அந்தியேட்டிக் கிரியைக்கு மக்கள் கன்னியாவுக்கு வருகிறார்கள் என்றால் அந்தக் கதை எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று தெரிகிறது. இரண்டு கதையிலும் சுடுநீரைக் காட்டித்தர ஓர் அரசன் தேவைப்பட்டிருக்கிறான். ஆண்டு குறிக்கும் இடத்தில் மட்டும் கதையையும் சாசனத்தையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

அன்புவழிபுரம் வாசகர்: சார்ள்ஸ் மன்னனுக்கு முன் அங்கே ஆட்களே இல்லையா?

இருந்தார்கள். இப்போது நகரின் பகுதியாகிவிட்ட டிராஹோவிட்செயில் பிந்திய வெண்கலக் காலத்து அரண் சூழ்ந்த குடியிருப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. டாஷோவிட்செ, செட்லெட்ஸ் என்ற இடங்களில் ஸ்லாவிய மக்களின் குடியிருப்புத் தடயங்கள் உண்டு. மூன்றுமே பள்ளத்தாக்குக்கு வெளியே, உழவுக்கும் காவலுக்கும் ஏற்ற இடங்கள். ஊற்றுப் பள்ளத்தாக்கில் உழ நிலமில்லை. அங்கே குடியேற வெந்நீரைத் தவிர வேறு காரணம் கிடையாது.

திருக்கடலூர் வாசகர்: அந்தத் தண்ணீரில் காகிதப் பூவைப் போட்டால் கல்லாகும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். பூ கல்லாக மாறுவதில்லை, பூவின் மேல் கல் படிகிறது. காகித ரோசாவைத் தட்டில் வைத்து, வ்ரீட்லோவின் சுடுநீர் இடைவிடாமல் மேலே தெளிக்கும்படி விடுவார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இதழ்கள் எல்லாம் செம்மண் நிறத்தில் கெட்டியான ஓட்டுக்குள் போய்விடும். எடுத்துப் பார்த்தால் இதழ் மடிப்புகள் அப்படியே தெரியும். தட்டினால் சட்டி ஓடுபோல் ஒலிக்கும்.

காரணம் உங்கள் வீட்டுக் கேத்திலில் இருக்கிறது. கிணற்று நீரைப் பல மாதம் கொதிக்கவைத்த கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதல்லவா, அது கல்சியம் காபனேற்று. கரைந்த காபனீரொட்சைட்டு நீரில் இருக்கும்வரை கல்சியமும் கரைந்தே இருக்கும். வாயு வெளியேறினால் கல்சியம் காபனேற்று கரைந்திருக்க முடியாமல் படியும். கேத்திலில் அந்த வாயுவை நெருப்பு விரட்டுகிறது. கார்லோவி வாரியில் நீர் மேலே வந்து அமுக்கம் விடுபட்டதும் வாயு தானாகவே பிரிகிறது. சூட்டில் படிவதால் அது அரகனைட்டு என்ற வடிவம் எடுக்கிறது. சிவப்பு நிறம், நீரிலுள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவாவதால் வருவது. கேத்தில் படையில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரைத்துக்கொண்டு பிரிவது, அதே வாயு மறுபடி வெளியேறுவதுதான்.

வேடிக்கைக்கு இது அழகு, ஊருக்கோ தீராத தொல்லை. இதே கல் குழாய்க்குள்ளும் படியும். ஊற்றைக் கட்டும் குழாய்களை அடிக்கடி குடைந்து சுத்தம் செய்யாவிட்டால் துளை ஒடுங்கிக்கொண்டே வரும். இன்னும் பெரிய சிக்கல் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஊற்று ஆண்டாண்டு காலமாகத் தன் வாயைச் சுற்றியே கல்லைப் படியவிட்டு, ஆற்றின் அடியிலும் கரையிலும் பெரிய கல் மூடி ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. பழைய நகரின் நடுப்பகுதி அந்த மூடியின் மேலேதான் நிற்கிறது. ஒரு வாய் அடைபட்டால் அடியில் அமுக்கம் ஏறும், மூடியில் எங்கே மெலிவோ அங்கே வெடிக்கும். தெப்லா ஆற்றின் அடியிலேயே வெடித்துச் சுடுநீர் ஆற்றோடு கலந்து ஓடிய காலங்கள் உண்டு. அப்போதெல்லாம் மற்ற ஊற்றுகளில் நீர் குறைந்துவிடும், நகரத்தார் வெடிப்பைத் தேடி அடைக்க வேண்டும். அந்த ஊர் மக்கள் முதலில் கற்றுக்கொண்ட வைத்தியம் ஊற்றுக்குச் செய்த வைத்தியம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

எவ்வளவு பொருள் வெளிவருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வ்ரீட்லோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 லீற்றர் தருகிறது. ஒரு லீற்றரில் கரைந்திருப்பது 6.4 கிராம் அளவு. ஒரு நாளுக்கு 1440 நிமிடம் என்று பெருக்கினால் 18 தொன்னுக்கு மேல். இதில் பெரும்பகுதி சோடியம் உப்புகள், அவை படியாமல் ஆற்றோடு போய்விடும். கல்லாவது சிறு பங்குதான்.

கன்னியாவில் பூ வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த நீரில் உப்பும் குறைவு, வாயுவும் இல்லை. பூ நனைந்து அழுகும், அவ்வளவே.

சாம்பல்தீவு வாசகர்: அந்தக் காலத்தில் இந்த நீரை எப்படிப் பயன்படுத்தினார்கள்? குடித்தார்களா, குளித்தார்களா?

முதலில் குளித்தார்கள். நாம் நினைக்கும் குளியல் அல்ல. நாளுக்குப் பத்து மணி நேரம் வரை தொட்டியில் ஊறிக் கிடப்பது. தோல் சிவந்து, வெடித்துப் புண்ணாகும் வரை ஊற வேண்டும், அந்த வழியாக நோய் வெளியேறும் என்பது அன்றைய மருத்துவர்களின் கருத்து. பலருக்கு வந்த நோயோடு தோல் புண்ணும் சேர்ந்ததுதான் மிச்சம்.

1522இல் மருத்துவர் வென்செஸ்லாஸ் பாயர் லைப்சிக்கில் ஒரு நூல் வெளியிட்டார். இந்த ஊற்றுகளைப் பற்றிய முதல் மருத்துவ நூல் அதுதான். குளிப்பதோடு குடிக்கவும் வேண்டும் என்று எழுதினார். அதன்பின் குடிக்கும் பழக்கம் மெல்ல வளர்ந்து, எல்லை மீறிப் போயிற்று. ஒரு நாளில் ஐம்பது கோப்பைக்கு மேல் குடித்தவர்களும் இருந்தார்கள். சோடியம் சல்பேற்று கலந்த நீரை அந்த அளவு குடித்தால் வயிறு என்னவாகும் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் டேவிட் பெஹர். நீரைப் பகுத்து ஆராய்ந்தார், அளவைக் குறைத்தார், அறைக்குள் கிடந்து குடிப்பதை விட்டு ஊற்றடியில் வந்து, நடந்துகொண்டே மெதுவாகக் குடிக்கச் சொன்னார். இன்று அந்த நகரில் காணும் நீண்ட தூண் மண்டபங்கள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்துக்காகக் கட்டப்பட்டவை. மழையிலும் நனையாமல் நடக்க வேண்டுமே. கட்டடக் கலைஞர் யோசெப் சீதெக் வடிவமைத்து 1871 முதல் 1881 வரை கட்டிய ஆலை மண்டபத்தில் மட்டும் 124 தூண்கள். குடிக்கும் கோப்பையும் தனி வகை. கைப்பிடியே குழல்போல் இருக்கும், அதன் நுனியில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். அவசரமாக விழுங்க அது விடாது.

ஊற்றுக்கு ஊற்று சூடு வேறுபடும், கரைந்த உப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆறிய ஊற்றில் காபனீரொட்சைட்டு கூடுதலாகத் தங்கியிருக்கும், சுவையும் கூர்மையாக இருக்கும். அதிகச் சூட்டு ஊற்றில் வாயு பறந்துவிடுவதால் சப்பென்ற உப்புச் சுவை.

நிலாவெளி வாசகர்: 'கார்ல்ஸ்பாட் உப்பு' என்று பழைய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் அந்த நீரைச் செய்யலாமா?

செய்முறை மருந்தகக் கோவைகளில் உண்டு. செயற்கைக் கார்ல்ஸ்பாட் உப்பின் 100 பங்கில், உலர்ந்த சோடியம் சல்பேற்று 44, அப்பச்சோடா எனப்படும் சோடியம் இருகாபனேற்று 36, சாதாரண உப்பு 18, பொற்றாசியம் சல்பேற்று 2. இதில் 6 கிராமை ஒரு லீற்றர் நீரில் கரைத்தால் சுவையில் ஊற்று நீரை நெருங்கும். வாயுவும் இரும்பும் கல்சியமும் இராது.

இரண்டு எச்சரிக்கைகள். சோடியம் சல்பேற்றையும் கடையில் விற்கும் பேதி உப்பையும் குழப்புகிறார்கள். பேதி உப்பு மக்னீசியம் சல்பேற்று, வேறு பொருள். அடுத்தது, அந்த 6 கிராமுக்குள் சோடியம் மட்டும் 1.8 கிராமுக்கு மேல் வருகிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்கு 2 கிராம் சோடியத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் வீட்டுக் கறியிலும் கருவாட்டிலும் இருப்பதே அதைத் தாண்டிவிடும். இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்களும் வைத்தியரைக் கேளாமல் செய்ய வேண்டாம்.

கன்னியா நீரைக் குடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பலரும் இறைத்துக் குளிக்கும் திறந்த கிணறு. குடிக்கக் கூடாது.

தம்பலகாமம் வாசகர்: அந்த நகரத்தின் பழைய கட்டடங்கள் ஏன் எதுவும் மிஞ்சவில்லை?

தெப்லா 1582 மே 9இல் பெருகி ஊரை அடித்துச் சென்றது. மலையில் பெய்யும் மழை முழுவதும் அந்த ஒடுங்கிய வாய்க்கால் வழியாகத்தான் இறங்க வேண்டும், விரிந்து பரவ வயல்வெளி கிடையாது. உங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் வயலில் பரந்து நிற்கும், அங்கே உயர்ந்து நிற்கும். கட்டி எழுப்பி இருபத்திரண்டு ஆண்டில், 1604 ஓகஸ்ட் 13இல் தீ. மரச் சட்டங்களால் ஆன, ஒன்றோடொன்று ஒட்டிய 102 வீடுகளில் 99 எரிந்தன. மன்னன் சார்ள்ஸ் காலத்துச் சிறு கோட்டையும் அதில் போயிற்று. 1608இல் அதே இடத்தில் எழுப்பிய கோபுரம் சந்தைக்கு மேலே இன்றும் நிற்கிறது. போனால் முதலில் அதைப் பாருங்கள். பிறகு 1759 மே 23இல் மறுபடி பெருந்தீ, 224 வீடுகள் சாம்பல்.

இரண்டு தீக்கும் நடுவே கட்டிய பெரிய கட்டடம் ஒன்று தப்பியது. கிலியான் இக்னாஸ் டீன்ட்சென்ஹோஃபர் 1730களில் வ்ரீட்லோவுக்கு எதிரே எழுப்பிய மரியா மகதலேனா ஆலயம். 1890 நவம்பரில் இன்னொரு பெருவெள்ளம் வந்தது. 1930களில் ஊருக்கு மேலே பிரெசோவா என்ற இடத்தில் அணை கட்டிய பிறகுதான் தெப்லா அடங்கியது.

ஒவ்வொரு முறையும் அதே நெருக்கடியான இடத்தில்தான் திரும்பக் கட்டினார்கள். மேட்டில் போய்க் குடியேறியிருக்கலாமே என்று தோன்றும். ஊற்றை மேட்டுக்குக் கொண்டுபோக முடியாதே.

கிண்ணியா வாசகர்: 'டொலர்' என்ற சொல் அந்தப் பக்கத்தில் பிறந்தது என்பது சரியா?

சரி. கார்லோவி வாரிக்கு வடக்கே தாது மலைகளில் யாக்கிமோவ் என்ற வெள்ளிச் சுரங்க ஊர் இருக்கிறது. ஜேர்மன் பெயர் யோவாக்கிம்ஸ்தால். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அடித்த வெள்ளி நாணயம் ஊர்ப் பெயரால் 'தாலர்' ஆகி, பின் 'டொலர்' ஆயிற்று.

பாலையூற்றிலிருந்து விஞ்ஞான ஆசிரியர்: மாணவர்களைக் கன்னியாவுக்கு அழைத்துப்போய் ஏழு கிணற்றின் வெப்பத்தையும் அளந்து, கார்லோவி வாரியோடு ஒப்பிட விரும்புகிறேன். எப்படிச் செய்வது?

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். அது 42 பாகையோடு நின்றுவிடும். 0 முதல் 100 பாகை வரை காட்டும் மதுசார வெப்பமானி எடுங்கள். இரசம் உள்ளது கூடாது, கிணற்றில் உடைந்தால் பெருந்தீங்கு. ஒன்றுக்கு மேல் கொண்டுபோவதானால், முதல் நாளே எல்லாவற்றையும் ஒரே வாளி நீரில் வைத்து வாசியுங்கள். ஒன்று அரைப் பாகை கூடக் காட்டினால் அதைக் குறித்துவைத்துப் பிறகு கழிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் போனால், கிணறுகளின் வேறுபாட்டை அளக்கிறோம் என்று நினைத்து வெப்பமானிகளின் வேறுபாட்டை அளந்துகொண்டு வருவீர்கள்.

அதிகம் நடக்கும் பிழை வேறொன்று. வெப்பமானியை நீரில் விட்டு, மேலே தூக்கி, கண்ணருகே வைத்து வாசிப்பது. ஈரக் குமிழில் காற்றுப்பட்டதும் நீர் ஆவியாகி வாசிப்பு மளமளவென்று இறங்கிவிடும். அதற்கு எளிய வழி: வாய் அகன்ற சிறு பிளாத்திக்குப் போத்தலுக்குள் வெப்பமானியை நிறுத்திக் கட்டி, அடியில் ஒரு கல் கட்டி, நைலோன் கயிற்றில் இறக்குங்கள். மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். தூக்கும்போது போத்தலும் நீரோடு வரும், குமிழ் நீருக்குள்ளேயே இருக்கும், ஆறுதலாக வாசிக்கலாம்.

விடியற்காலையில் போங்கள். குளிப்பவர்கள் வந்து வாளி வாளியாக இறைக்கத் தொடங்கினால் அடியிலிருந்து புதிய நீர் ஊறி வெப்பம் மாறும். வெயில் ஏறினால் மேல்நீர் தனியே சுடும். மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் ஒரு முறை, அடியை ஒட்டி ஒரு முறை அளவுங்கள். முதல் கிணற்றிலிருந்து ஏழாவது வரை போய், திரும்பி ஏழிலிருந்து ஒன்றுவரை வாருங்கள். இரண்டு வாசிப்பின் சராசரியை எடுத்தால் நேரம் போனதால் வந்த மாற்றம் பெரும்பாலும் சமப்படும். கிரியை நடந்துகொண்டிருந்தால் அந்தக் கிணற்றை விட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள், பிள்ளைகளைச் சத்தமில்லாமல் நிற்கச் சொல்லுங்கள்.

ஒப்பிடும்போது வெறும் நீர் வெப்பத்தை ஒப்பிடாதீர்கள். அந்தந்த இடத்துச் சாதாரணக் கிணற்று நீரைவிட எத்தனை பாகை கூட என்பதுதான் சரியான ஒப்பீடு. அதற்காகத் திரும்பும் வழியில் பாலையூற்றில் ஒரு சாதாரணக் கிணற்றையும் அதே போத்தலால் அளவுங்கள். ஒரே அளவீட்டை ஆவணியில் ஒரு முறையும், மாரி மழை கொட்டிய பிறகு தை மாதத்தில் ஒரு முறையும் செய்தால் மழைநீர் எவ்வளவு கலக்கிறது என்றும் தெரியவரும்.

தாளில் எழுத வேண்டியவை: திகதி, நேரம், கிணற்றின் எண், ஆழம், நீரின் வெப்பம், நிழலில் காற்றின் வெப்பம், முந்திய மூன்று நாளில் மழை பெய்ததா, அளக்கும்போது யாராவது இறைத்தார்களா. இந்தக் கடைசி இரண்டையும் எழுத மறந்த தாள்களை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். முழுமையாக நிரப்பிய தாள்களை மாணவர்களின் வகுப்பைக் குறித்து அனுப்பிவைத்தால், ஏழு கிணற்றுக்குமான அட்டவணையை அடுத்தடுத்த இதழில் வெளியிடுவோம்.